நகக்கனப் பிசிறு

இடது கையின் இரண்டு விரல்கள் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடித்திருந்தன. வலது கையில், கத்தி இருக்க வேண்டிய இடத்தில், பிளாஸ்டிக் கரண்டியின் உடைந்த காம்பு. அதைச் சுடரில் காட்டினால் காம்பே உருகிவிடும். காட்டாவிட்டால் மெழுகு வழிவிடாது. அதனால் அந்தக் கைகள் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்திருந்தன. காம்பைச் சுடுநீரில் முக்கி, துணியில் ஒற்றி, ஆறுவதற்குள் பல்லின் அடியில் மெழுகைத் தள்ளி, கட்டைவிரலால் தடவிவிட வேண்டும். கத்தியில் ஒரு நிமிடத்தில் உட்காரும் பல், இப்படி ஆறு நிமிடம் தின்றது. ஒரு வாய்க்கு இருபத்தெட்டுப் பல். யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கத்தி அவள் கையில் இல்லை என்பது மட்டும்தான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

பொய்ப்பல் செய்யும் லேப் அது. இரண்டாவது மாடியில் மூன்று அறை. முன்னறையில் முதலாளியின் மேசை. நடு அறையில் மெழுகில் பல் அடுக்கும் இரண்டு பேர். கடைசி அறையில் பிளாஸ்டரும், அச்சுப் பெட்டிகளும், அவற்றை வேக வைக்கும் வெந்நீர்த் தொட்டியும். அங்கே யாரும் சொந்தப் பெயரில் புழங்குவதில்லை. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிக்கொண்டே இருக்கும் மூத்த தொழிலாளி வாத்தி. பிளாஸ்டர் அறைக்காரி இடி. அவள் தும்மினால்கூட கீழ்மாடியில் கதவு திறக்கும். முப்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள், யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை பேசியதாகச் சாட்சி கிடையாது. பல் அடுக்கும் இவள் கொசு. வயது இருபத்து மூன்று. ஆள் சிறிசு, வேலை செய்யும்போது மூக்கால் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருப்பாள் என்பதால் வந்த பெயர். முனகல் நின்று நான்கு மாதம் ஆகிறது. பெயரும் ஏறக்குறைய நின்றுவிட்டது.

நின்ற கதை இதுதான். முதலில் தூக்கம் போனது. பிறகு பசி போனது. ஒரு காலையில் லேப்பின் கழிவறைத் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. எழுந்திருக்க ஒரு காரணம் அகப்படவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அங்கே டாக்டர், செத்துப் போகலாம் என்று நினைத்ததுண்டா என்று கேட்டார். உண்மையைச் சொன்னால்தான் மருந்து சரியாக வரும் என்று நம்பி, உண்டு என்றாள். பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

மருந்து சரியாகத்தான் வந்தது. தூக்கம் திரும்பியது, சோறு இறங்கியது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை அண்ணன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் அறைக்கதவின் தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றினான். குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றினான். திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் கதவில் கண்ணைப் போல முழித்துக்கொண்டிருந்தன. அவள் குளிக்கப் போனால் அம்மா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம், "இருக்கியாம்மா?" என்பாள். இருக்கிறேன் என்று நாளைக்குப் பத்து தரம் சொல்லிப் பாருங்கள். பதினோராவது தரம் உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அண்ணி மாத்திரைகளை எண்ணி எண்ணிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். அக்கம்பக்கத்தில், "மேல்படிப்புக்குப் போயிருந்தா, இப்ப லீவு" என்று சொல்லிவைத்திருந்தாள். அதனால் மாடிப்படியில் பார்க்கிறவர்களெல்லாம் படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார்கள்.

கூடப் படித்த தோழிகள், அவளோடு சேர்த்து ஏழு பேர். அவர்களில் இரண்டு பேர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று வயதுக் குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசினார்கள். போகும்போது படிக்கட்டில் நின்று, "இனிமே சரியாயிடுவாளா ஆன்ட்டி?" என்று அம்மாவிடம் கேட்டது அவள் அறைவரை கேட்டது. தாழ்ப்பாள் இல்லாத கதவு சத்தத்தையும் தடுப்பதில்லை. பிறகு, ஏழு பேரும் போனில் பேசிக்கொள்ளும் குழுவில் பேச்சே இல்லை. ஆளுக்கு வேலை இருக்கும் என்று நினைத்தாள். ஒருநாள் ஒருத்தி கைதவறி ஒரு படத்தை அதில் போட்டுவிட்டு உடனே அழித்தாள். ஆறு பேரும் ஒரு பூங்காவில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேருக்குத் தனியாக ஒரு குழு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து, லேப்புக்குப் போகிறேன் என்று அவளே கேட்டாள். டாக்டரும் போகட்டும் என்றார். அண்ணன் முதலாளியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து சொன்னான்.

"கத்தி கையில தர மாட்டாங்க. ஏதாவது தப்பு நடந்துச்சுன்னா எனக்கு ஒரு போன் வரும். வந்தா அன்னியோட சரி. அப்புறம் வீடுதான். சம்மதமா?"

சம்மதம் என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? லேப் போனால் மிச்சம் இருப்பது அந்தக் கதவும் அந்த நாற்காலியும்தான்.

பல் அடுக்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு கத்தி உண்டு. ஒரு முனையில் சின்ன அலகு, மறுமுனையில் மெழுகை அள்ளும் குழி. ஒருவர் கத்தியை இன்னொருவர் தொடமாட்டார்கள்; பிடி கையின் அளவுக்குத் தேய்ந்திருக்கும். அவள் கை சின்னது என்பதால் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தாள். அந்தக் கத்தி இப்போது முதலாளியின் இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. வேடிக்கை என்னவென்றால், நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று சுற்றும் உரசும் மெஷினை அவளிடமே கொடுத்திருந்தார்கள். பயப்படுகிறவர்கள் மேசையில் வேறு என்ன கிடக்கிறது என்று பார்ப்பதில்லை.

வாத்தி அவளிடம் பேசுவதையே மாற்றிக்கொண்டார். முன்பெல்லாம், "ஏண்டா கொசு, இது பல்லா பட்டாணியா?" என்று நக்கலடித்தவர், இப்போது, "பரவாயில்லம்மா, மெதுவா பண்ணும்மா, முடியலேன்னா வெச்சிடும்மா" என்றார். முதுகுக்குப் பின்னால் முதலாளியிடம், "பாவம் சார், ஆனா ரிஸ்க்கு" என்றார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று 'அம்மா' போட்டு ஒருத்தியை ஆள் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இடி மட்டும் மாறவில்லை. கொசு திரும்பி வந்த முதல் நாளே கடைசி அறையிலிருந்து கத்தினாள்.

"ஏய் கொசு, ரெண்டரை மாசமா உன் மேசைத் தூசிய நான்தான் தொடைச்சேன். வந்ததும் வராததுமா உக்காந்துட்டியே, பிளாஸ்டர் மூட்டைய உங்க மாமியாரா வந்து தூக்குவா?"

அவள் போய்த் தூக்கினாள். மூட்டை சாய்ந்தது, தரையெல்லாம் வெள்ளை. இடி அரை மணி நேரம் திட்டினாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது, நாள் முழுவதும் தன்னிடம் பேசப்பட்டவற்றில் எது வலிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தாள். அந்தத் திட்டு மட்டும்தான்.

அதனால்தான் அடுத்த தப்பு நடந்தது.

பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசும் ஒரு அம்மாளுக்குப் பல் செட் வந்திருந்தது. மெழுகில் பல் அடுக்கி முடித்ததும் அதை ஒரு தரம் பல் டாக்டரிடம் அனுப்புவார்கள். அவர் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லிப் பார்த்து, சரி என்று சீட்டு எழுதித் திருப்புவார். அது வந்தது. பிறகு வேலை இடியின் கைக்குப் போகும். மெழுகுப் பல்லை இரண்டாகப் பிரியும் பித்தளைப் பெட்டியில் பிளாஸ்டரோடு புதைத்து, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக் மாவை அடைத்து, பெட்டியை அழுத்தியில் வைத்து இறுக்க வேண்டும். பித்தளை பித்தளையோடு முட்டும்வரை மூன்று திருகு. பெட்டியின் இரண்டு பாதிக்கும் நடுவே கொஞ்சம் பிதுங்கும். வெந்த பிறகு அது விளிம்பில் பிசிறாக நிற்கும். காகிதக் கனம் இருந்தால் பெட்டி நன்றாக மூடியது என்று அர்த்தம். நகக்கனம் இருந்தால் மூடவில்லை. அந்த நகக்கனத்துக்குப் பல் உயர்ந்துவிட்டது.

அன்று இடி ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டே கீழ்செட்டுப் பெட்டியைத் திருகினாள். பெட்டி வெந்து, உடைத்து, பிசிறு செதுக்கக் கொசுவிடம் வந்தது. அவள் விரல் வைத்ததுமே தெரிந்துவிட்டது. நகக்கனம்.

சொல்லியிருக்க வேண்டும். மேல்செட்டையும் கீழ்செட்டையும் தாடையைப் போல ஆடும் கீலில் மாட்டிப் பார்த்திருந்தால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவள் சொல்லவில்லை, மாட்டவில்லை. செதுக்கி, மெருகேற்றி, அனுப்பிவிட்டாள்.

அது வியாழக்கிழமை காலை திரும்பி வந்தது. அந்த அம்மாளின் வாய் மூடவில்லை. பின்பல் முட்டி, முன்பல் திறந்தபடி நின்றது. இரண்டு நாள் ஒலிபெருக்கியில் 'ச' எல்லாம் சீட்டியாகக் கேட்டிருக்கிறது. அவர் செட்டை டாக்டரின் மேசையில் வீசினாராம். டாக்டர் கீழ்த்தாடைக்குப் புது அச்சு எடுத்து, செட்டோடு சேர்த்து அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பல் வராவிட்டால் இனி உங்கள் லேப் வேண்டாம் என்று குறிப்பும் வைத்திருந்தார்.

முதலாளி செட்டைக் கையில் வைத்துப் பார்த்தார். வாத்தி எட்டிப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன் சார். தலை நிதானத்துல இல்லேன்னா கடி நிதானமா வராது."

முதலாளி அவளைப் பார்க்கவில்லை. போனை எடுத்தார். தொழில் தெரிந்த இரண்டு பேர் நின்ற அந்த அறையில், தப்பு எங்கே என்று ஒரு கேள்வி வரவில்லை. பதில் தயாராக அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது கேள்வி எதற்கு?

அண்ணன் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டான். படியேறிய மூச்சு அடங்கும் முன்பே, "பைய எடு" என்றான்.

"அண்ணா, ஒரு நிமிஷம்."

"பேச ஒண்ணும் இல்ல. பேசித்தானே அனுப்பினேன். பைய எடு."

"ஆமாம்மா, வீட்ல நல்லா ரெஸ்ட் எடும்மா" என்றார் வாத்தி.

அவள் பையை எடுத்தாள். சாப்பாட்டு டப்பாவை அதில் வைத்தாள். அப்போதுதான் கடைசி அறைக் கதவு திறந்தது. இடி முழங்கைவரை வெள்ளையாக வந்து நின்றாள்.

"எந்த செட்டு திரும்பி வந்துச்சு?"

"பஸ் ஸ்டாண்டு அம்மா செட்டு. நீ போ, உள்ள வேலையப் பாரு" என்றார் முதலாளி.

இடி போகவில்லை. சுவரில் இருந்த கம்பியில் குத்தி வைத்த சீட்டுகளைப் புரட்டி ஒன்றை உருவினாள். "இதோ. 'மெழுகில் பார்த்தேன். கடி சரி.' டாக்டர் கையெழுத்து. மெழுகுல மூடின வாய் அக்ரிலிக்ல மூடலேன்னா, தப்பு அடுக்கினவளோடதா, பெட்டிய இறுக்கினவளோடதா? ஏன் வாத்தி, தொண்ணூறு விஷயம் விளக்குவீங்களே, இத விளக்கலியா?"

வாத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இடி கொசுவின் பக்கம் திரும்பினாள். "பிசிறு எவ்வளவு இருந்துச்சு?"

அவள் பையின் வாரைச் சுருட்டினாள்.

"உன்னத்தான் கேக்குறேன்."

"நகக்கனம்."

"எப்ப பாத்தே?"

"செதுக்கும்போது."

"பாத்துட்டு வாயில என்ன, பிளாஸ்டர் போட்டு அடைச்சிருந்தியா? எனக்குப் பாவம் பாத்தியா? என்னப் பாத்தா உனக்குப் பாவமா இருக்கா?"

"அக்கா, விடுங்க."

"விட மாட்டேன். நான் பண்ண தப்ப நீ சுமந்துக்கிட்டு வீட்டுக்குப் போவே, நான் இங்க உக்காந்து டீ குடிக்கணுமா? எவ கேட்டா உன்ன?"

கொசுவின் முகம் சிவந்தது. பை தரையில் விழுந்தது, டப்பா உருண்டது.

"நான் சொன்னா என்ன ஆகும்? சரிம்மா, பரவாயில்லம்மான்னு சொல்லிட்டு நீங்களும் போயிடுவீங்க. இந்த ஊர்ல என்கிட்ட ஒழுங்கா சண்டை போடுறது நீங்க ஒருத்திதான். அதையும் கெடுத்துக்கச் சொல்றீங்களா? போன்ல புருஷன்கூடக் கத்திக்கிட்டே ரெண்டு திருகு திருகிட்டு விட்டது நீங்க. மூணு திருகுன்னு எனக்குச் சொல்லிச் சொல்லி அசிங்கப்படுத்துறதும் நீங்க. வெக்கமா இல்ல?"

அவள் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. கீழ்மாடியில் ஒரு கதவு திறந்தது.

அண்ணன் அவள் பையில் கைவிட்டான். "பாத்தீங்களா, ஆரம்பிச்சிடுச்சு. மாத்திரை எங்க வெச்சிருக்கே?"

"எதுக்கு மாத்திரை?" என்றாள் இடி. "காலைல போட்டாச்சு, ராத்திரி மறுபடியும் போடுவா. இது சண்டை. கத்தினா மாத்திரைன்னா எனக்கு ஒரு மூட்டை வேணும், வாங்கிட்டு வாங்க."

"நீங்க யாரு? எங்க வீட்டு விஷயம் இது."

"வீட்டு விஷயத்த வீட்ல வெச்சுக்கணும். இங்க வந்தா இது பல்லு விஷயம்."

கொசு குனிந்து டப்பாவை எடுத்தாள். அண்ணனைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்துப் பேசினாள். குரல் இப்போது இறங்கியிருந்தது.

"சார், கீழ்செட்டு நான் அடுக்குறேன். நாளைக்கு நாலு மணிக்குள்ள தர்றேன். என் கத்திய குடுங்க. வாய் மூடலேன்னா நானே போயிடுறேன்."

முதலாளி வாத்தியைப் பார்த்தார். வாத்தி, "என் கையில மூணு செட்டு நிக்குது சார்" என்றார். அதோடு முதலாளியின் கருணைக்கும் பயத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அவர் அண்ணனைப் பார்த்தார்.

"இவ கையில கத்தி குடுத்தா நான் இங்கயேதான் உக்காருவேன்" என்றான் அண்ணன்.

"உக்காருங்க. ஆனா அந்த நாற்காலி ஆடும், நீங்க ஆடாம இருங்க" என்றாள் இடி.

இழுப்பறை திறந்தது. சிவப்பு நூல் கொஞ்சம் அழுக்காகியிருந்தது. அவள் கத்தியை வாங்கி, பிடியைக் கைக்குள் இரண்டு தரம் புரட்டினாள். விளக்கை ஏற்றினாள்.

மத்தியானம் முழுக்க அண்ணன் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தான். அலகு சுடருக்குப் போகும்போதெல்லாம் அவன் நாற்காலி ஆடியது. "பாத்து" என்றான். சிறிது நேரம் கழித்து, "கைய பாத்து" என்றான். கீழ் முன்பற்களில் ஒன்றை நிறுத்தினாள், கீலை மூடினாள், கடி படும் இடத்தைக் காட்டும் நீலக் காகிதம் வைத்துத் தட்டினாள், பட்ட கறையைப் பார்த்தாள், பல்லை இம்மி பின்னுக்குத் தள்ளினாள். முன்பல் ஒன்றை வேண்டுமென்றே கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

"அது கோணலா இருக்கே" என்றான் அண்ணன். தப்பு அகப்பட்டுவிட்ட குரல் அது.

"அவங்க சொந்தப் பல்லு அங்க கோணலாதான் இருந்துச்சு. பழைய போட்டோ அனுப்பியிருக்காங்க. நேரா வெச்சா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிடும்."

அவன் போட்டோவை வாங்கிப் பார்த்தான். பிறகு பல்லைப் பார்த்தான். போட்டோவைத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த 'பாத்து' வருவதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அவன் மனம் மாறிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஐந்து மணிக்கு அவள் கடைசிப் பல்லை வைத்தபோது, "முடிஞ்சுதா? கத்திய குடு" என்று முதல் வேலையாகக் கையை நீட்டினான். அவள் கத்தியைத் துடைத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்து மூடினாள். முதலாளி பார்த்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினார். அண்ணனின் கை சிறிது நேரம் அந்தரத்தில் நின்றது.

பெட்டியை இறுக்கும் முன் இடி போனை முன்னறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "வா இங்க. நீயே எண்ணு. அப்புறம் நகக்கனம், முடிக்கனம்னு ஊர் பூரா சொல்லுவே."

"ஒண்ணு" என்றாள் கொசு. "ரெண்டு. மூணு."

"இன்னும் அரை" என்று இடி தானாகவே திருகினாள். "இது உன் வாய்க்காக."

வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியை உடைத்தார்கள். பிசிறு வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும் அளவுக்கு இருந்தது. டாக்டர் திருப்பி அனுப்பியிருந்த மேல்செட்டோடு கீலில் மாட்டி நீலக் காகிதத்தில் தட்டினாள்; இரண்டு பக்கமும் ஒரே அளவுப் புள்ளிகள் விழுந்தன. வாத்தியும் வந்து பார்த்தார். "நல்லா வந்திருக்கும்மா" என்றவர், இடி திரும்பிப் பார்த்ததும், "கோணப்பல்லு கொஞ்சம் ஜாஸ்தி, கொசு" என்று சேர்த்துக்கொண்டார்.

ஈரப் பஞ்சில் சுற்றி இரண்டு செட்டையும் பெட்டியில் வைத்து இடி நீட்டினாள். "கீழ போட்டே, கைய ஒடிச்சிடுவேன். போ."

அண்ணன் வாசலில் காத்திருந்தான். டாக்டரிடம் தனியாக அனுப்ப அவன் ஒத்துக்கொள்ளவில்லை. தெருவில் அவள் ஒரு எட்டு முன்னால் நடந்தாள்.

"திரும்பும்போது கடைல ஒரு தாழ்ப்பாள் வாங்கணும்" என்றாள். "குளியலறைக்கு."

"அதெல்லாம் முடியாது."

"வெளிலேர்ந்து காசு வெச்சுத் திருகினா திறக்கிற தாழ்ப்பாள் இருக்காம். இடியக்கா வீட்ல பசங்களுக்காகப் போட்டிருக்காங்க. நான் உள்ள போட்டுக்கறேன். பயமா இருந்தா நீ திற. ஆனா அம்மா அந்த நாற்காலிய எடுத்துடணும்."

அவன் இரண்டு கடையைத் தாண்டி நடந்தான். "எந்தக் கடைல இருக்காம்?" என்று கேட்டபோதும் குரலில் கோபம்தான் இருந்தது.

டாக்டர் அறைக்கு வெளியே அந்த அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயை மூடியபடி இருந்தார். பல் இல்லாததால் உதடு உள்ளே போயிருந்தது. மேசையில் இருந்த உதவியாளர் பெண் இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் போன தடவையும் செஞ்சதா?"

"ஆமா."

"இந்தத் தடவையாவது அந்த அம்மாவுக்கு வாய் மூடுமா?"

"மூடும்" என்றாள் கொசு. "திறக்கிறது அவங்க பாடு."

பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைக்காமல், எழுந்து வந்துவிட்ட அந்த அம்மாளின் கையிலேயே கொடுத்தாள்.